ஹாலப்பா என்று சொன்னது யார்?

4

உடைந்து கிடந்த பூசணிக்காயில் கால் வைத்து வழுக்கி, இரண்டு கைகளையும் விரித்தபடி நான் ஹிரேமட் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனிக்குள் நுழைந்தேன். ஒரு துப்பறியும் உதவியாளனின் வருகை இப்படியா இருக்க வேண்டும்?

"எழுந்திரு செலுவா. திருஷ்டி கம்பெனிக்குக் கழிச்சது, உனக்கு இல்ல" என்றார் மந்தாகினி ஹெப்பார்.

"எனக்கும் சேர்த்துக் கழிச்சிருக்கலாம் மேடம். இந்த முகத்துக்குத் தேவைப்படுது."

என் பெயர் செலுவராஜு. கன்னடத்தில் அழகுராஜா என்று அர்த்தம். பெயர் வைத்த அன்றைக்கு என் முகம் சரியாக விரிந்திருக்கவில்லை, அதனால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. மேடம் டெலிபோன் இலாகாவில் ஊராரின் பேச்சை இணைத்துக் கொடுத்தே பாதி ஆயுளைக் கழித்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து, இப்போது கம்பெனிகளின் ரகசியம் வெளியே ஒழுகாமல் அடைக்கும் தொழில் செய்கிறார். ஓட்டையைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. ஓட்டைக்குள் தலையை விடுவது என் வேலை.

அன்றைக்கு விஜயதசமி. முந்தின நாள்தான் ஆயுத பூஜை முடிந்திருந்தது. பீன்யா தொழிற்பேட்டையில் எந்தக் கம்பெனியிலும் ஆள் இல்லை. வாழைக்கன்று கட்டிய மெஷின்களும், தரையெல்லாம் இறைந்த பொரியும்தான் காவல் இருந்தன.

முதலாளி சங்கரய்யா ஹிரேமட் எங்களைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். வடக்கே கதக் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, லேத்தில் கூலிக்கு நின்று, பிறகு லேத்துக்கே முதலாளி ஆனவர். வலது கையில் நடுவிரலுக்கு நுனி கிடையாது. நெற்றியில் விபூதி, மேல்கோடும் கீழ்கோடும் பளிச்சென்று இருக்க, நடுக்கோடு மட்டும் மங்கல். விபூதி தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பேச்சு, பக்கத்து வயலில் நிற்பவனைக் கூப்பிடுவது போல.

"பாருங்க மேடம்! இதைப் பாருங்க!"

மேஜைமேல் முந்தின நாள் செய்தித்தாளை விரித்தார். முழுப்பக்க விளம்பரம். பால் சொசைட்டிகளுக்குப் பேசும் மெஷின். பாலை ஊற்றினால் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வாய்விட்டுச் சொல்லும். கீழே கொட்டை எழுத்தில் அதன் பெயர்: ஹாலப்பா. ஹாலு என்றால் பால், ஆக அது ஒரு பாலப்பன்.

"இது என் மெஷின்! நான் யோசிச்சது, நான் செஞ்சது! நான் பூஜை போட்டு வெளிய விடறதுக்குள்ள போட்டிக் கம்பெனி ஹொஸ்கோட்டேக்காரன் விட்டுட்டான். இது முதல் தடவை இல்ல. இன்னொரு தடவை ஆச்சுன்னா கம்பெனியை இழுத்து மூடிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்."

"யார் மேல சந்தேகம்?" என்றார் மேடம்.

"சந்தேகம் என்ன சந்தேகம்? நாகவேணிதான். டிசைன் பூரா அவ கையில. ஹொஸ்கோட்டே ஆளுங்க சொசைட்டி சொசைட்டியா போய் மெஷினைக் காட்டறாங்கன்னு தெரிஞ்ச அன்னிக்கே வீட்டுக்குப் போடின்னு அனுப்பிட்டேன். நாளைக்குக் காலையில போலீஸ்ல கம்ப்ளெயின்ட். அதுக்குத் துணையா நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

மேடம் தலைமுடியில் செருகியிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு விளம்பரத்தைத் தட்டினார். "ஹாலப்பாங்கற பேரு உங்க எந்த ஃபைல்ல இருந்துச்சு?"

"ஃபைல்ல ஏது? அவ வாயில இருந்துச்சு. மீட்டிங் ரூம்ல வெளையாட்டா சொன்னா. நானே என் காதால கேட்டேன்." இதைச் சொல்லும்போது மனிதரின் முகம் கறுத்தது. பொருள் பறிகொடுத்த கோபம் மட்டும் இல்லை, அதில் வேறு ஏதோவும் இருந்தது.

"வாயால சொன்னது. எங்கயும் எழுதாதது" என்று மேடம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "அப்போ கம்ப்யூட்டரை நோண்டி என்ன பிரயோஜனம்? மீட்டிங் ரூமைப் பார்க்கணும்."

"அதெல்லாம் வேணாம்! பூஜை முடிஞ்சு பூட்டியாச்சு. நீங்க அவ கம்ப்யூட்டரை மட்டும் பாருங்க."

அப்போது பொரித்தட்டோடு அவருடைய மாப்பிள்ளை விரூபாக்ஷன் வந்தார். நிர்வாகம் பார்ப்பவர். அவர் நெற்றியிலும் விபூதி. அவர் வாயைத் திறப்பதற்குள் முதலாளியின் ஃபோன் அலறியது. எடுத்த எடுப்பிலேயே ஸ்பீக்கரில் போட்டார். தேங்காயும் வெற்றிலையும் வாங்கி வராமல் வீட்டுப் படி ஏறக்கூடாது என்று அவர் மனைவி போட்ட உத்தரவு, லேத் ஷெட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு அவர் வெளியே நடந்தார்.

"காது மந்தம்" என்றார் மாப்பிள்ளை தணிந்த குரலில். "லேத் சத்தத்துல போச்சு. காதுக்கு மெஷின் வாங்கிக் குடுத்தேன், போட மாட்டேங்கறார். பார்க்கிறவங்க கிழவன்னு சொல்லிடுவாங்களாம். எந்த ஃபோன் வந்தாலும் இப்படித்தான், ஊருக்கே கேக்கும்."

"மீட்டிங் ரூமைக் கொஞ்சம் திறக்கறீங்களா?"

"தாராளமா. ஏன் திறக்கக் கூடாது?"

போகிற வழியில் மேடம் எல்லாவற்றையும் நின்று நின்று பார்த்தார். அந்தக் கம்பெனியில் அவனவன் ஆயுதத்துக்கு அவனவனே பூஜை போட வேண்டும் என்பது வழக்கம். டிரைவர் ஸ்டியரிங்குக்குப் பொட்டு வைத்திருந்தார். கேன்டீன்காரர் கத்திக்கும் கரண்டிக்கும் மஞ்சள் பூசியிருந்தார். வாட்ச்மேனின் விசிலுக்குக்கூட ஒரு துளி குங்குமம் இருந்தது. நாகவேணியின் கம்ப்யூட்டர் மட்டும் பொட்டில்லாமல் மூலையில் கிடந்தது. பார்க்கவே என்னவோ போலிருந்தது எனக்கு.

மீட்டிங் ரூமில் என் பெட்டியை எடுத்தேன். ஒட்டுக்கேட்கும் சாமான் எங்கேயாவது ஒளிந்திருந்தால் இது கத்தும். சுவர், மேஜை, ஜன்னல் என்று எல்லா இடத்திலும் காட்டினேன். மூச்சு விடவில்லை.

"சுத்தம் மேடம்."

"லைட்டைப் போடு."

போட்டேன். எரியவில்லை.

"மெயின் ஸ்விட்ச் ஆஃப்" என்றார் மாப்பிள்ளை. "பூஜை போட்டா மெஷினுக்கெல்லாம் ஓய்வு. நாளைக்குத்தான் போடுவோம்." அவரையும் யாரோ கூப்பிட, சாவியை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்.

"தூங்கறவன் குறட்டை விடலைன்னா ஆளே இல்லைன்னு சொல்லிடுவியா? குனிஞ்சு பார்" என்றார் மேடம்.

மேஜைக்கு அடியில் தவழ்ந்தேன். பொரி, ஒரு பேனா மூடி, எப்போதோ தவறி விழுந்த பிஸ்கட். மேஜையின் அடிப்பலகையில், வெளியிலிருந்து யார் கண்ணுக்கும் படாத இடத்தில், ஒரு பிளக் போர்டைத் திருகி வைத்திருந்தார்கள். அதில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

"மேடம், இந்த பிளக் போர்டுக்கு விபூதி போட்டிருக்காங்க!"

"எத்தனை கோடு?"

"ரெண்டு. நடுவுல இடம் விட்டிருக்கு. மூணாவது போடறதுக்குள்ள ஆளுக்குத் தும்மல் வந்துடுச்சு போல."

"நடுவுலயா இடம் விட்டிருக்கு? சரியாப் பார்."

"நடுவுலதான். ஏன், ஓரத்துல விட்டிருந்தா புண்ணியம் ஜாஸ்தியா?"

அவர் திருப்புளியை நீட்டினார். கழற்றித் திறந்தேன். வயருக்கு நடுவில், குழந்தை மாதிரி சுருண்டு படுத்திருந்தது சிம் கார்டு செருகிய ஒரு குட்டி மைக். நான் வழக்கமாக விசில் அடிக்கும் சமயம், ஆனால் அடிக்கவில்லை. கரண்ட் இருக்கும்போது அந்த நம்பருக்கு ஃபோன் போட்டால் இது மணியடிக்காமல் தானே எடுத்துக்கொள்ளும். அறையில் பேசுவதெல்லாம் அந்தப் பக்கம் கேட்கும்.

"இப்போ சொல்லு" என்றார் மேடம் குரலைத் தணித்து. "பிளக் போர்டை ஆயுதமா நினைக்கிறவன் யாரு?"

"எலக்ட்ரீஷியன்."

"எலக்ட்ரீஷியனா இருந்தா எல்லா பிளக் போர்டுக்கும் போட்டிருப்பான். இந்த ரூம்லயே இன்னும் ரெண்டு இருக்கு, அதுல ஒண்ணுமில்ல. இது யாரோ ஒருத்தரோட சொந்த ஆயுதம். ஒளிச்சு வெச்சிருக்கார், ஆனா பூஜை நாள்ல அதை மட்டும் பட்டினி போட மனசு வரலை."

"பக்தியான திருடன்!"

"திருடன்னு நான் சொல்லலையே."

"விபூதி போடற ஆளு, ரூம் சாவி கையில இருக்கிற ஆளு. மாப்பிள்ளைதான் மேடம்! எவ்வளவு சாதுவா திறந்து விட்டார் பாருங்க. அதுதான் நடிப்பு."

"குரங்கே, வாயை மூடிட்டு வண்டியை எடு" என்றார் மேடம். பிளக் போர்டு அவர் கைப்பைக்குள் போயிற்று. அவர் முகத்தில், ஓட்டை கிடைத்தால் வரும் அந்தச் சின்னச் சிரிப்பைக் காணோம். அதுதான் எனக்குக் கலக்கத்தைக் கொடுத்தது.

நாகவேணியின் வீடு தாசரஹள்ளியில், ஒரு அடுக்குக் குடியிருப்பின் முதல் மாடியில் இருந்தது. கதவைத் திறந்தவள் எங்களைப் பார்த்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டாள். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டாள். கண்ணுக்குக் கீழே மை அப்பியது போலக் கறுப்பு.

"போலீஸா?"

"இல்லம்மா. போலீஸ் வராம இருக்கறதுக்கு வந்திருக்கோம்" என்றார் மேடம்.

உள்ளே தசராப் பொம்மைகள் படிப்படியாக அடுக்கியிருந்தன. பட்டத்து ராஜா ராணி முன்னால் வைத்த தட்டில் நேற்றைய பூ வாடியிருந்தது. அவள் எங்களுக்குப் போளி கொண்டுவந்து வைத்தாள். தான் தொடவில்லை.

"மேல் வீட்டு அம்மா போன வருஷம் இங்க உட்கார்ந்து பாட்டே பாடினாங்க மேடம். இந்த வருஷம் வாசல்லயே நின்னு பொரியைக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. விஷயம் எப்படித்தான் பரவுதோ. வீட்டுக்காரர் வேலையா மங்களூர் போயிருக்கார், அவருக்கு நான் இன்னும் சொல்லவே இல்ல. திருடின்னு ஒரு தடவை எழுதிட்டாங்கன்னா அப்புறம் எந்தக் கம்பெனியில என்னை உள்ள விடுவாங்க?" குரல் உடைந்தது. "அந்த மெஷினுக்குப் பேசக் கத்துக் குடுத்ததே நான். அதை நானே விப்பேனா?"

அவளைப் பார்த்து எனக்கு ஒரு கிண்டலும் தோன்றவில்லை. போளியைத் தின்றேன்.

"ஹாலப்பான்னு சொன்னது நீங்கதானே?"

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான்தான். மெஷின் முதல் தடவையா பேசின நாள். தண்ணி கலந்த பாலை ஊத்தினோம். 'தண்ணி! தண்ணி!'ன்னு காது கிழியக் கத்துச்சு. அச்சு அசல் நம்ம சார் மாதிரியே இருக்கே, எதை ஊத்தினாலும் குறைதான் சொல்லுது, ஹாலப்பான்னு பேர் வெச்சு ஒரு விபூதியும் போட்டு விட்டுடலாம்னு சொன்னேன். எல்லாரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். விரூபாக்ஷன் சாருக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

"சங்கரய்யா சார் சிரிச்சாரா?"

"ஐயோ, அவர் எதிர்ல அதைச் சொல்வேனா? அவர் பதினொரு மணிக்கே கிளம்பிடுவார் மேடம். முட்டிக்கு எண்ணெய் வைத்தியம், ராஜாஜிநகர்ல. அவர் போனதுக்கு அப்புறம்தான் எங்களுக்கு வாயே திறக்கும்."

மேடம் என் கையைக் கிள்ளினார். நான் வாயைத் திறக்கவே இல்லை, அதற்குள் கிள்ளு.

"யாராவது அவர்கிட்ட போட்டுக் குடுத்திருப்பாங்களா?"

"சிரிச்சவங்க அத்தனை பேருக்கும் வேலை போயிடுமே. யார் சொல்வா?" என்றாள். பிறகு, வாசல் வரைக்கும் வந்து, மேடம் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "நாளைக்கு என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவாங்களா?"

"இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் எனக்கு டைம் குடு" என்றார் மேடம்.

காரில் ஏறியதும் நான் பொரிந்து தள்ளினேன். "தெளிவாயிடுச்சு மேடம்! மாப்பிள்ளை கூடவே சிரிச்சிருக்கார், அப்புறம் மாமனார்கிட்ட போய் ஊதியிருக்கார். அதைத்தான் பெரியவர் 'என் காதால கேட்டேன்'னு பெருமைக்கு அளந்து விட்டிருக்கார்."

"ராஜாஜிநகர் போ."

"எனக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு."

"போன்னா போ."

வைத்தியசாலை ஒரு குறுகிய தெருவில் இருந்தது. வண்டி நிறுத்த இடமில்லை என்று என்னைக் காரிலேயே உட்கார வைத்துவிட்டு அவர் மட்டும் உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் மேல் மூலிகை எண்ணெய் வாசம். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சு மேடம்?"

"எனக்கு இந்தக் கேஸ் பிடிக்கலைடா செலுவா" என்றார். "எடுத்திருக்கவே கூடாது. கம்பெனிக்குப் போ."

கேட்டருகே சங்கரய்யா நின்றுகொண்டிருந்தார். தேங்காய் வாங்கி வந்திருந்தார். கூடவே ஒரு பை நிறைய வன்னி இலை. அவர்கள் பக்கத்தில் விஜயதசமியன்று அதை ஒருவருக்கொருவர் கொடுத்து, தங்கம் போல இருப்போம் என்று சொல்லிக்கொள்வார்கள். மனஸ்தாபம் இருந்தால் அன்றோடு சரி. அந்த இலைக்குக் கன்னடத்தில் 'பன்னி' என்று பெயர். நான் ஶ்ரீராம்புரத்தில் தமிழ்ப் பையன்களோடு வளர்ந்தவன். மரியாதையான பெரியவர்கள் "பன்னி வாங்கிக்கோங்க" என்று நீட்டும்போதெல்லாம் சிரிப்பை அடக்கியே எனக்குத் தாடை வலிக்கும். அன்று வலிக்கவில்லை.

"கிடைச்சுதா மேடம்? அவ கம்ப்யூட்டர்ல ஏதாவது?"

"கிடைச்சுது சார். அதுக்கு முன்னாடி ஒரு உபகாரம் பண்ணணும். நேத்து என் வண்டிக்குப் பூஜை போட மறந்துட்டேன். உங்க கையால விபூதி வெச்சு விடுங்க."

"அதுக்கென்ன, நல்ல காரியம்தானே!" அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளே போய் விபூதித் தட்டோடு வந்தார். விரூபாக்ஷனும் கூட வந்தார். மூன்று விரல்களைத் தட்டில் தோய்த்து, கண்ணை மூடி மந்திரம் சொல்லி, மேடத்தின் பழைய மாருதியின் முன்மூடியில் பக்தியோடு இழுத்தார்.

கையை எடுத்தார். மேலே ஒரு கோடு. கீழே ஒரு கோடு. நடுவில் ஒன்றுமில்லை.

நான் கோட்டைப் பார்த்தேன். நுனியில்லாத அந்த நடுவிரலைப் பார்த்தேன். அவர் நெற்றியில் கண்ணாடி பார்த்துச் சரிசெய்திருந்த மங்கலான நடுக்கோட்டைப் பார்த்தேன். காலையிலிருந்து விரலும் நெற்றியும் பிளக் போர்டும் என் கண் முன்னாலேயே இருந்திருக்கின்றன. எனக்கு உதவியாளன் என்று பெயர்.

மேடம் கைப்பையிலிருந்து பிளக் போர்டை எடுத்து, அந்தக் கோடுகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

பெரியவர் ஒரு அடி பின்வாங்கினார். 

"ஹாலப்பான்னு நாகவேணி சொன்னப்போ நீங்க அந்த ரூம்லயே இல்ல சார். உங்க காது பக்கத்துல கத்தினாலே பாதிதான் விழும். ஆனா 'என் காதால கேட்டேன்'னு சொன்னீங்க. அது பொய் இல்ல. ராஜாஜிநகர்ல படுத்துக்கிட்டுக் கேட்டிருக்கீங்க."

"மாமா!" என்றார் விரூபாக்ஷன்.

"நான் திருடனில்ல மேடம்" என்றார் சங்கரய்யா. அன்றைக்கு முதல் தடவையாக அவர் மெதுவாகப் பேசினார். "என் கம்பெனி, என் ரூம். காவலுக்கு வெச்சேன். உள்ள இருக்கிறவங்க வெளிய எதையாவது குடுத்துடக் கூடாதுன்னு ஒரு காவல்."

"நிஜமா அதுக்குத்தானா?"

அவர் தேங்காய்ப் பையைக் கீழே வைத்தார். "நான் அஞ்சாவதோட நின்னவன். என் கீழ எல்லாரும் எஞ்சினியர். நான் ரூமை விட்டு வெளிய வந்ததும் உள்ள சிரிப்பு கிளம்பும். கண்ணாடி வழியா பார்த்தா எல்லார் தோளும் குலுங்கும், எனக்கு எதுவும் கேக்காது. எதுக்குச் சிரிக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. தெரிஞ்சுது. என்னை வெச்சுத்தான். அந்தப் பொண்ணு என் குரலையே எடுத்து மெஷினுக்கு வெச்சுச் சிரிச்சா." கண்ணைத் துடைத்தார். "அவதான் வித்திருப்பான்னு எனக்கு அன்னிக்கே தோணிடுச்சு."

"இதை எப்போ மாட்டினீங்க?"

"போன உகாதிக்கு."

"முதல் டிசைன் எப்போ போச்சு?"

அவர் விரல்விட்டு மாதங்களை எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். 

"உகாதிக்கு அப்புறம்தானே?" என்றார் மேடம். "அதுக்கு முன்னாடி உங்க கம்பெனியிலிருந்து ஒரு துரும்பு வெளிய போனதில்ல. இன்னிக்கு வைத்தியசாலையில அந்த எண்ணெய் தேய்க்கிற பையன்கிட்ட பேசினேன். சார் வந்தா ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டுக்கிட்டு கண்ணை மூடிப் படுத்துப்பார்னான். ஏதோ ரேடியோ நாடகம் கேக்கறார், எப்பப் பார்த்தாலும் பால் விஷயமாவே சண்டை வருதுன்னு நினைச்சானாம். பக்கத்துக் கட்டிலுக்கும் உங்க கட்டிலுக்கும் நடுவுல ஒரு துணித் திரைதான். அங்க முதுகுவலிக்காரர் ஒருத்தர் தினம் வருவாராம். எண்ணெய் தேய்ச்சு முடிஞ்சாலும் எழுந்திருக்க மாட்டாராம். 'இருப்பா, நாடகம் முடியட்டும்'பாராம். போன வாரம் அந்தப் பையனுக்கு இனிப்பு குடுத்திருக்கார், தம்பி புது மெஷின் விடறான்னு."

"யாரு அவன்?"

"ஹொஸ்கோட்டேக்காரரோட கூடப் பிறந்த அண்ணன்."

சங்கரய்யா கேட்டருகே இருந்த படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சட்டென்று பழைய குரல் வந்தது. "அவனைப் பிடிச்சு உள்ள போடணும்!"

"காது இருந்த குத்தத்துக்கா? நீங்க சத்தமா வெச்சீங்க, அவர் கேட்டார்."

குரல் மறுபடி இறங்கியது. "கம்ப்ளெயின்ட் வேணாம். நிறுத்திடறேன். அந்தப் பொண்ணு வேலைக்கு வரட்டும். ஆனா மேடம், இது நம்ம நாலு பேரோட போகட்டும். அவளுக்குத் தெரிஞ்சா நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அந்த ரூமுக்குள்ள போவேன்?"

எங்களுக்குச் சம்பளம் தருகிறவர் அவர். ரகசியத்தைக் காப்பாற்றுவதுதான் எங்கள் தொழில். மேடம் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

"திருடிங்கற பேரு ஊருக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு சார். அது இல்லைங்கறது மட்டும் ரகசியமா?"

 விரூபாக்ஷன் குனிந்து வன்னி இலைப் பையை எடுத்து மாமனார் கையில் கொடுத்தார். "நாங்க சிரிச்சது தப்புதான் மாமா. ஆனா உங்களைப் பிடிக்காம சிரிக்கலை. இன்னிக்கு நாள் நல்லா இருக்கு. வாங்க போகலாம்."

தாசரஹள்ளி மாடிப்படியை முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினார் பெரியவர். நாகவேணி கதவைத் திறந்ததும், என்ன ஏது என்று அவள் கேட்பதற்குள் ஆரம்பித்தார். அவருக்குத்தான் மெதுவாகப் பேச வராதே.

"நீ திருடலம்மா! உன் மேல ஒரு தப்பும் இல்ல! நான்தான் ரூம்ல ஒட்டுக்கேக்கற மெஷினை வெச்சேன்! நான்தான் ஊர் கேக்க அதைப் போட்டுக் காமிச்சேன்! கம்பெனியைக் கெடுத்தது நான்தாம்மா!"

கட்டடம் முழுக்கக் கேட்டது. கீழே ஒரு கதவு திறந்தது. மேல் வீட்டு அம்மா கைப்பிடிச்சுவரில் எட்டிப் பார்த்தாள், பார்த்தவள் அப்படியே நின்றாள். கம்பெனியின் ரகசியங்களைக் கொண்டுபோய்க் கொட்டிய அதே சத்தம், அன்று ஒரு நல்ல காரியம் செய்தது.

அவர் இரண்டு கையாலும் வன்னி இலையை நீட்டினார். சின்னவர்கள்தான் பெரியவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது முறை.  நாகவேணி இலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதில் பாதியை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"தங்கம் மாதிரி இருப்போம் சார்."

"நாளைக்கு வந்துடுவியாம்மா? மெஷினை வேற மாதிரி மாத்துவோம். நீ என்ன பேர் வேணா வெச்சுக்கோ, என்னை என்ன வேணா சொல்லிக்கோ."

அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. கோபம் இல்லை, அழுகையும் இல்லை. பக்கத்தில் நின்ற எனக்கே எட்டியும் எட்டாமலும், தணிந்த குரலில் சொன்னாள்.

"அந்த ரூம்ல இனிமே எனக்குச் சிரிப்பு வராது சார்."

கதவை மெல்லச் சாத்திக்கொண்டாள்.

பெரியவர் பாதி இலையோடு நின்றார். வலது காதுக்குப் பின்னால் கையைக் குவித்து மேடத்தைப் பார்த்தார். மேடம் படி இறங்க ஆரம்பித்துவிட்டார். விரூபாக்ஷன் தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொன்னா தம்பி? எனக்குக் கேக்கலை. என்ன சொன்னா?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் நான். அன்று அவர் கையைப் பிடித்து, படியில் பார்த்து இறக்கிவிட்டேன்.